சொல்லு பார்க்கலாம்

எங்கள் கடையில் அந்த நாட்களில் அதிகம் விற்ற சாமான் எது தெரியுமா? அரிசி இல்லை, பருப்பு இல்லை. வாளி. பிளாஸ்டிக் வாளி.

மண்டபம் கேம்ப் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து முகாமுக்குப் போகிற பாதையில் அப்பா ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஓலைக் கொட்டகைதான். பீடி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், கமர்கட் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. 1983 ஆடி மாதத்துக்கு அப்புறம் எல்லாம் மாறியது. கடல் வழியாக ஜனங்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ராமேஸ்வரம் கரையில், தனுஷ்கோடி மணலில், சில சமயம் நடுக்கடல் மணல் திட்டில். திட்டில் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டால் நம்ம மீனவர்கள் போய்க் கூட்டி வருவார்கள். விசாரணை, பதிவு எல்லாம் முடிந்து முகாமுக்கு வந்து சேரும்போது பலர் கையில் ஒரு பை மட்டும்தான் இருக்கும். சிலர் கையில் அதுவும் இருக்காது.

முகாமில் தண்ணீருக்கு வரிசை. வரிசையில் நிற்க ஒரு பாத்திரம் வேண்டுமே. அதனால் வந்தவர்கள் முதலில் வாங்குவது வாளி. அப்பா மதுரைக்குப் போய் சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டுக்கட்டாக வாங்கி வந்து, கயிற்றில் கோத்துக் கடை முன்னால் தொங்கவிடுவார். "அண்ணை, ஒரு வாளி தாங்கோ" என்கிற குரலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒருத்தர் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

1985 ஆரம்பத்தில் வந்தவர் அவர். முப்பது வயசு இருக்கும். நல்ல உயரம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் முகாமில் அவரைக் 'கொழும்பு அக்கா' என்பார்கள். எனக்கும் அக்காதான். கடைக்கு வந்து, தொங்குவதை விரலால் காட்டி, "அந்தச் சிவப்புச் சாமான் என்ன விலை?" என்றார்.

"வாளியாம்மா?" என்று அப்பா கேட்டார்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். ஒன்பது வயசு. என்னைவிட மூன்று வயசு சின்னவன். காசு கொடுத்து வாங்கிய அந்த வாளியை அக்கா தூக்கவில்லை. பையன்தான் தூக்கிக்கொண்டு போனான்.

எனக்கு அப்போது அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. "சிலோன்காரங்க ஒரு மாதிரிப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை.

*

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அந்தப் பையன் எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் பொட்டலில் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். பனை மட்டையைச் சீவி பேட். ஸ்டம்புக்கு சவுக்குக் குச்சி. அவன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் கிட்டே வந்து, "நானும் விளையாட வரட்டே?" என்றான்.

அந்த 'வரட்டே' எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஏற்கெனவே முகாம் பிள்ளைகள் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரிப்பது எங்கள் வழக்கம். டீயைத் 'தேத்தண்ணி' என்பார்கள், பேசுவதைக் 'கதைக்கிறது' என்பார்கள். அதையெல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்போம். அன்றைக்கு நான்தான் கேப்டன். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சேத்துக்கறோம். ஆனா நாங்க சொல்ற மாதிரி சொல்லணும். எங்க, 'நானும் வெளாட வரட்டுமா'ன்னு சொல்லு பார்க்கலாம்."

அவன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்றா."

பையன்கள் சுற்றி வளைத்து நின்றார்கள். ஏழெட்டுப் பேர். ஒருத்தன் கையில் ஸ்டம்பு. என் கையில் பனை மட்டை. அடிக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை, சத்தியமாக இல்லை. விளையாட்டுதான். எல்லோரும் சிரித்துக்கொண்டே, "சொல்லு, சொல்லு" என்று கத்தினோம்.

அவன் முகம் வெளிறியது. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். டவுசர் நனைந்தது. பிறகு ஏதோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தான். எங்களுக்குப் புரியாத வார்த்தை. "பல்தியா... பல்தியா... பல்தியா..."

அதைக் கேட்டு இன்னும் அதிகமாகச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ராத்திரி யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு, "வாடா" என்று கையைப் பிடித்து முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

*

அக்கா இருந்தது ஒற்றை அறை. பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "தங்கச்சி, இவன் பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார் அப்பா. என்னையும் கேட்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டே முணுமுணுத்தேன்.

"பரவாயில்லை அண்ணை. சின்னப் பிள்ளையள்தானே. இவனுக்குப் பயம், வேற ஒண்டுமில்லை" என்றார் அக்கா. பிறகு, நாங்கள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரேஷன் கார்டு எங்கே வாங்கினேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவர் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கிளார்க் வேலை. சிங்களம் அரைகுறை. வெள்ளவத்தையில் வாடகை வீடு. 1983 ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பொரளைப் பக்கம் தீ தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஓடி வந்து மூன்று பேரையும் கூட்டிப்போய்த் தன் வீட்டு உள் அறையில் வைத்துக்கொண்டார். மறுநாள் திங்கட்கிழமை கூட்டம் தெருவுக்குள் வந்தது. தமிழ் வீடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒளித்து வைத்திருந்தால் இந்த வீட்டையும் கொளுத்துவோம் என்றார்கள். அந்த அம்மா இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். ஆனால் இன்னொரு தடவை வந்தால்? அந்த அம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கிறதே. அதனால் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டார்கள். அக்கா பொட்டை அழித்துக்கொண்டார். தாலியைக் கழற்றிப் பையன் டவுசர் பைக்குள் போட்டார்.

ஒரு சந்தியில் மறித்தார்கள். அக்காவுக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி. தானே பேசிப் பார்த்தார். நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாராம். அப்போது ஒருத்தன் அவருடைய வீட்டுக்காரரைப் பார்த்து, கீழே கிடந்த ஒரு வாளியைக் காலால் தட்டிக் காட்டி, "இது என்ன, சொல்லு" என்றான்.

சிங்களத்தில் வாளிக்கு 'பல்தியா' என்று பேர். முதல் எழுத்தை உதட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழர்களுக்கு அது சரியாக வராது, 'வால்தியா' என்றோ வேறு மாதிரியோ வரும் என்பது அவர்கள் கணக்கு. இந்த ஒரு வார்த்தையை வைத்து அந்த நாட்களில் எத்தனையோ தெருமுனைகளில் ஆள் அடையாளம் பார்த்தார்கள் என்பதை நான் வெகுகாலம் கழித்துப் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் முதலில் கேட்டது அக்கா வாயால்தான். அப்போதுகூட அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மூலையில் இருந்த சிவப்பு வாளியைக் கண்ணால் காட்டினார்.

"அவர் சொன்னார். பிழையாச் சொல்லிப்போட்டார்."

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பிள்ளையைக் கேட்டாங்கள். இவன் சரியாச் சொன்னான். ரோட்டில சிங்களப் பிள்ளையளோட விளையாடினவன்தானே. நீங்க போங்கோ எண்டாங்கள். நான் பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். திரும்பிப் பாக்கேல்லை. திரும்பினா நான் ஆரெண்டு தெரிஞ்சிடும். சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை அண்ணை."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பன்னிரண்டு வயசில் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொட்டலில் அந்தப் பையன் ஏன் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான் என்று அப்போது புரிந்தது. சரியாகச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவோம் என்று நினைத்திருக்கிறான்.

*

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். பாட்டிக்கும் அதுதான், பாட்டிலுக்கும் அதுதான். அந்த வார்த்தையைச் சரியாக எழுதிக் காட்டக்கூட என் மொழியில் வழியில்லை. நீங்கள் எப்படி வாசித்தீர்களோ தெரியாது. உதட்டை அழுத்தாமல் வாசித்திருந்தால், அன்றைக்கு அந்தச் சந்தியில் நீங்களும் மிச்சமிருக்க மாட்டீர்கள்.

இது ஒன்றும் புதுத் தந்திரம் இல்லை. பைபிளிலேயே இருக்கிறது. யோர்தான் ஆற்றுத் துறையில் மறித்து, 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்லி, 'சிபோலேத்' என்றவர்களை வெட்டிய கதை. 1937ல் டொமினிகன் குடியரசில் ராணுவம் ஒரு கொத்தமல்லி மாதிரிக் கீரையைக் காட்டி அதன் பேரைச் சொல்லச் சொன்னது. 'ர' உருளவில்லையென்றால் அவன் ஹெய்ட்டிக்காரன், வெட்டு. கீரை, வாளி, கதிர். மனுஷனைக் கொல்ல எவ்வளவு சாதாரணப் பொருள்கள் போதுமாக இருக்கிறது பாருங்கள்.

1983 ஜூலையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய இளைஞர்களில் பலருக்கு அது வெறும் வருஷம். ஜூலை 23 ராத்திரி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் தாக்கியதில் 13 ராணுவத்தினர் செத்தார்கள். அவர்களைப் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடானது. அங்கே கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் கிளம்பியது. கலவரம் என்கிறோம், அது சரியான சொல்லா தெரியவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவதைக் கலவரம் என்று எப்படிச் சொல்வது? வெலிக்கடைச் சிறைக்குள் ஜூலை 25, 27 என்று இரண்டே நாளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டின சிறைக்குள்! அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. மொத்தம் செத்தவர்கள் 400 என்பார்கள் சிலர், 3,000 வரை என்பார்கள் சிலர். எண்ணிக்கையில் இவ்வளவு வித்தியாசம் வருகிறதென்றால் யாரும் எண்ணவே இல்லை என்றுதானே அர்த்தம்? 2004ல் ஜனாதிபதியாக இருந்த சந்திரிகா குமாரதுங்க அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 21 வருஷம் கழித்து.

அந்த ஜூலையிலிருந்து 1987 ஜூலை முடிய இந்தியக் கரைக்கு வந்தவர்கள் 1,34,053 பேர் என்பது பதிவுக் கணக்கு. அதில் இரண்டு பேர் கொழும்பு அக்காவும் அந்தப் பையனும். வராதவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

*

அந்த ராத்திரிக்கு அப்புறம் அவன் எங்களோடு ஆட வந்தான். நான் அவனுக்கு முதல் பேட்டிங் கொடுத்தேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான். அவன் நன்றாக ஆடுவான் என்பது வேறு விஷயம்.

ஆடி அமாவாசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ராமேஸ்வரத்துக்குப் போகாத வீடு குறைவு. அப்பா தாத்தாவுக்குக் கொடுக்கக் கிளம்பினார். அக்காவையும் பையனையும் கூப்பிட்டார். "எங்கட பக்கம் கீரிமலையில செய்யிறது. ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திராப் பௌர்ணமி தாய்க்கு" என்றார் அக்கா. வருவதா வேண்டாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தார். கடைசியில் வந்தார்.

அப்போது ரோட்டுப் பாலம் கிடையாது. அது 1988ல்தான் திறந்தது. ரயிலில்தான் பாம்பன் பாலத்தைக் கடக்க வேண்டும். கூட்டம் நெரிய நின்றுகொண்டே போனோம். அக்கா ஜன்னல் வழியே வடக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. எள்ளும் தர்ப்பையும் பிண்டமும் மிதக்கிற தண்ணீர். அப்பா வழக்கமாகக் கொடுக்கிற சாஸ்திரிகள் முதலில் அப்பாவுக்கு முடித்தார். அடுத்து அந்தப் பையனை உட்கார வைத்து, விரலில் பவித்திரம் மாட்டிவிட்டார்.

"அப்பா பேரைச் சொல்லுடா கொழந்தை."

பையன் அம்மாவைப் பார்த்தான்.

"பயப்படாதே, சொல்லு. அப்பா பேர் என்ன? சொல்லு."

சாஸ்திரிகள்மேல் தப்பில்லை. நூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் 'சொல்லு' வந்ததும் பையன் உடம்பு விறைத்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பொட்டலில் அதை நான் ஒரு தடவை பார்த்தவன் ஆயிற்றே.

அக்கா குனிந்து அவன் விரலிலிருந்து பவித்திரத்தைக் கழற்றினார். "வேண்டாம் ஐயா. குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயசுப் பையனை.

ரயிலில் திரும்பி வரும்போது அப்பாவிடம் சொன்னார். "அவர் செத்ததை நான் பாக்கேல்லை அண்ணை. திரும்பிப் பாத்திருந்தா எல்லோ செத்தாரெண்டு சொல்ல ஏலும்?"

அவர் கழுத்தில் தாலி இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த வருஷம் அவர்களை வேறு மாவட்டத்து முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அறை காலியாக இருந்தது. அப்புறம் அவர்களை நான் பார்க்கவில்லை.

*

2019ல் அமெரிக்காவுக்குப் போனேன். தம்பிக்கு அட்லாண்டாவில் சாப்ட்வேர் வேலை. ஒரு சனிக்கிழமை, "ஒரு இடம் இருக்கு, வாண்ணே" என்று அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரத்துக்குக் காரில் கூட்டிப்போனான். அங்கே 2018 ஏப்ரலில் ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். கும்பல் சேர்ந்து கொன்ற கறுப்பு மக்களுக்கான நினைவிடம்.

ஒரு குன்றின்மேல் திறந்த மண்டபம். உள்ளே துருப்பிடித்த நிறத்தில் இரும்புத் தூண்கள். ஆளுயரம். 800க்கும் மேல். ஒவ்வொரு தூணும் ஒரு கவுன்ட்டி, அதாவது நம்ம ஊர் ஜில்லா, தாலுகா மாதிரி. அந்தக் கவுன்ட்டியில் அடித்தும் எரித்தும் தூக்கில் தொங்கவிட்டும் கொன்றவர்களின் பேரும் தேதியும் அதில் வெட்டியிருக்கிறது. மொத்தம் 4,400 பேருக்கு மேல். நுழையும்போது தூண்கள் நமக்கு எதிரே ஆள் மாதிரி நிற்கும். நடக்க நடக்கத் தரை கீழே இறங்கிக்கொண்டே போகும். தூண்கள் அதே மட்டத்தில் நிற்கும். ஒரு கட்டத்தில் எல்லாத் தூண்களும் நம் தலைக்குமேல் தொங்குகின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு மரத்தடியில் நின்ற கூட்டம் எப்படி அண்ணாந்து பார்த்ததோ அப்படி.

சுவரில் என்ன குற்றத்துக்காகக் கொன்றார்கள் என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்கார முதலாளியின் மனைவிக்குப் பின்னால் நடந்து போனதற்காக ஒருவர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் போட்டோவை வைத்திருந்ததற்காக ஒருவர். இதைப் படித்தபோது, வாளி நினைவுக்கு வந்தது.

அந்தக் கொலைகளை அவர்கள் போட்டோ எடுத்திருக்கிறார்கள். போஸ்ட் கார்டாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அந்தப் படங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தொங்குகிற உடம்பு இல்லை. கீழே நிற்கிறவர்களின் முகம். சிரிக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1983 பொரளையிலும் ஒரு படம் இருக்கிறது. சந்திரகுப்த அமரசிங்க என்கிற சிங்களப் பத்திரிகைக்காரர் எடுத்தது. பஸ் நிலையத்தில் உடையெல்லாம் உருவப்பட்ட ஒரு தமிழ் இளைஞன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். சுற்றி நிற்கிற பையன்கள் சிரிக்கிறார்கள், ஒருத்தன் ஆடுகிற மாதிரிக் காலைத் தூக்குகிறான். அவர்களுக்குப் பதினெட்டு, இருபது வயசுதான் இருக்கும். பார்த்தால் கிரிக்கெட் ஆட வந்த பையன்கள் மாதிரி இருக்கிறது.

எங்கள் பொட்டலில் கேமரா இல்லை. இருந்திருந்தால் அந்தப் படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நாங்களும் அவர்களும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. நாங்கள் கொல்ல நிற்கவில்லை. ஆனால் ஒருவனை நடுவில் நிறுத்திச் சுற்றி நின்று, 'எங்களை மாதிரி சொல்லு' என்று கேட்பது எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம் எனக்குள் இருந்தது. கையில் மட்டையும் இருந்தது. மிச்சத்தைச் செய்ய யாரோ பெரியவர்கள் வந்து 'செய்' என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. எங்களுக்கு வந்த பெரியவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க இழுத்துப்போனார். அது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த நினைவிடத்துக்கு வெளியே அதே தூண்களின் நகல்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து, 'ஆமாம், எங்கள் ஊரில் இது நடந்தது' என்று ஒப்புக்கொண்டு எடுத்துப்போய் ஊரில் நட வேண்டும் என்று திட்டம். நான் போனபோது வரிசை வரிசையாக அப்படியே கிடந்தன. ஒப்புக்கொள்வது எந்த ஊரிலும் கஷ்டம்தான். 1955ல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்கிற பதினாலு வயசுப் பையனின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் ஒரு பெயர்ப் பலகை வைத்தார்கள். அதையும் துப்பாக்கியால் சுட்டுச் சுட்டுத் துளைத்தார்கள். 2019ல் குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று. செத்த பையனின் பேரைச் சுடுகிற கோபம் எங்கிருந்து வருகிறது? கும்பல் கொலையைக் குற்றம் என்று சொல்கிற மசோதா அமெரிக்காவில் முதலில் வந்தது 1900ல். சட்டமானது 2022ல். அந்தச் சட்டத்துக்கு அந்தப் பையன் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

காரில் திரும்பும்போது தம்பி கேட்டான். "நம்ம ராம்நாடு ஜில்லாவுக்கு ஒரு தூண் வச்சா என்னண்ணே எழுதுவாங்க?"

எங்கே ஆரம்பிப்பது? 1957 செப்டம்பர் 10ல் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம். மறுநாள் ராத்திரி பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், வயசு 32. சமமாக நின்று பேசினார் என்பதுதான் அவர் செய்தது. தொடர்ந்து ஜில்லாவே எரிந்தது. கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டது. 2011ல் அதே செப்டம்பர் 11ல், அவரை நினைக்கக் கூடின இடத்தில் மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. ஜில்லாவைத் தாண்டினால் கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25, ஒரே குடிசைக்குள் 44 பேர். கொழும்பில் நமக்கு நடந்ததைப் பேசும்போது நம் குரல் உயர்கிறது. நாம் செய்ததைப் பேசும்போது 'அதெல்லாம் பழைய கதைப்பா' என்கிறோம். நான் அப்படித்தான் தம்பியிடம் பேச்சை மாற்றினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

அந்த மான்ட்கோமரி தூண்களில் சிலவற்றில் பேருக்குப் பதில் 'பேர் தெரியாதவர்' என்று வெட்டியிருக்கிறது. தேதி மட்டும் இருக்கும். அதன் முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். கொழும்பு அக்காவின் வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது. அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. 'அவர்' என்றுதான் சொல்வார். அந்தக் காலத்துப் பெண்கள் யார்தான் புருஷன் பேரைச் சொன்னார்கள்? அதோடு, கொழும்பில் 1983ல் செத்தவர்களுக்கென்று அரசாங்கம் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்றும் இல்லை. இருந்தால் போய்த் தேடிப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எழுத்து. பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பையன் பேருக்கு முன்னால் வாத்தியார் வாசித்த இனிஷியல். 'க'.

ஊருக்குத் திரும்பிய அந்த வருஷமே ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனேன். அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவருக்கு வருஷா வருஷம் கொடுக்கிறேன். பழைய சாஸ்திரிகளின் மகன்தான் இப்போது செய்து வைக்கிறார். மூன்று தலைமுறை முடிந்ததும், "வேற யாராவது இருக்காளா? சொந்தமா இருக்கணும்னு இல்லை. சிநேகிதா, வாத்தியார், தெரிஞ்சவா, காருண்ய பித்ருன்னு யாருக்கு வேணாலும் விடலாம்" என்றார். வருஷா வருஷம் கேட்பதுதான். வருஷா வருஷம் இல்லை என்றுதான் சொல்வேன்.

அந்தத் தடவை, "ஒருத்தர் இருக்கார் சாமி" என்றேன்.

"பேர் சொல்லுங்கோ."

"முழுப் பேர் தெரியாது. 'க'ன்னு ஆரம்பிக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பரவால்லை. பேர் தெரியலேன்னா மனசுல நெனைச்சுண்டு விடுங்கோ. போய்ச் சேரும்" என்றார்.

எனக்கு அவர் முகமே தெரியாது. எதை நினைப்பது? ஒரு சந்தி. ஒரு வாளி. கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிற ஒரு அம்மாவும் ஏழு வயசுப் பிள்ளையும். அவர் கடைசியாகப் பார்த்தது அதைத்தானே? அவர்கள் தப்பித்து நடந்து போவதை அவர் பார்த்திருப்பார். அதை நினைத்துக்கொண்டு எள்ளும் தண்ணீரும் விட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் விடுகிறேன்.

தம்பி, நீ எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. ஏதோ ஒரு முகாமில் இருக்கலாம், யாழ்ப்பாணத்திலோ டொரன்டோவிலோ இருக்கலாம். உனக்கும் ஐம்பது வயசு நெருங்கியிருக்கும். இதைப் படித்தால் உன் அப்பா பேரை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடு. எழுதத் தோன்றவில்லையா, அதுவும் பரவாயில்லை.

சொல்லு என்று நான் கேட்க மாட்டேன்.